12 எழுத்து, ஒரு வேட்டிக் கரை: பிறந்தநாள் தோரணம் பற்றி வாசகர் கேள்விகள்

போன மாதம் பழைய துணியை என்ன செய்யலாம் என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். அவருக்குப் பதில் எழுதும்போது, எங்கள் வீட்டில் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ‘பிறந்தநாள் வாழ்த்துகள்’ என்று கொடிக்கு ஒரு எழுத்தாகத் தைத்த ஒரே துணித் தோரணத்தைத்தான் எடுத்துக் கட்டுகிறோம், பெண்ணின் முதல் பிறந்தநாளுக்குத் தைத்தது, அவள் இப்போது ஏழாம் வகுப்பு, தோரணம் இன்னும் அப்படியே இருக்கிறது என்று நாலு வரி எழுதினேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. இந்த மாதப் பக்கம் முழுக்க அதற்கே.

அக்கா, என் மகளுக்கு ஜூலையில் 5 வயது முடிகிறது. நானே தைத்துப் போட ஆசை. எவ்வளவு துணி வேண்டும், எங்கே தொடங்குவது?
— வாசகி, மதுரை

துணிக்கடைக்குப் போவதற்கு முன் ஒரு தாளில் எழுத்துகளை எண்ணிப் பாருங்கள். பி, ற, ந், த, நா, ள் ஆறு. வா, ழ், த், து, க, ள் ஆறு. மொத்தம் 12 கொடி. படங்களில் பார்க்கும் முக்கோணக் கொடியை அப்படியே வெட்டிவிடாதீர்கள், அது ஆங்கிலப் பெரிய எழுத்துக்குத்தான் பொருந்தும். நம் எழுத்து அகலவாக்கில் உட்காரும், அதிலும் ‘நா’ போல கால் வாங்கிய எழுத்தை முக்கோணத்துக்குள் அடைத்தால் சுண்டைக்காய் அளவுக்குச் சிறுத்துப் போகும். நீள்சதுரமாக வெட்டுங்கள். தைத்து முடித்தபின் ஐந்தரை இஞ்ச் அகலம், ஏழரை இஞ்ச் உயரம் வெளியே தெரியும்படி இருந்தால் ஒரு ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் படிக்க முடியும்.

இதற்கு ஒவ்வொரு துண்டையும் ஆறரைக்கு ஒன்பது இஞ்ச் வெட்ட வேண்டும். இரு பக்கமும் கீழேயும் அரை இஞ்ச் தையலுக்குப் போகும், மேலே ஒரு இஞ்ச், கொடிகளைக் கோக்கும் பட்டிக்குள் போய்விடும். முன்னும் பின்னும் சேர்த்து 24 துண்டு. 36 இஞ்ச் பன்னா, அதாவது அகலம், உள்ள பாப்ளின் துணி ஒன்றேகால் மீட்டர் எடுத்தால், வரிசைக்கு ஐந்தாக ஐந்து வரிசை வரும், ஒரு துண்டு மிச்சம். எழுத்துக்கு வேறு நிறத்தில் அரை மீட்டர்.

கடைக்கே போக வேண்டாம் என்றால் பீரோவைத் திறங்கள். கொலுவுக்கும் கல்யாணத்துக்கும் தாம்பூலத்தில் வைத்துக் கொடுத்த ரவிக்கைத் துணி, யாருக்கும் தைக்காமல், யாருக்கும் திரும்பக் கொடுக்கவும் முடியாமல் அடுக்கில் கிடக்குமே, அது இதற்கென்றே வந்ததுதான். 80 சென்டிமீட்டர் துண்டு ஒன்றில் 15 கொடித் துண்டு கிடைக்கும், அப்படியானால் இரண்டு ரவிக்கைத் துணி போதும். பருத்தியாக மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வழுக்கும் சாட்டின் துணியில் முதல் தோரணம் தைக்க வேண்டாம்.

முக்கியமான ஒன்று. குழந்தையின் பெயரையும் ‘5’ என்ற எண்ணையும் கொடியில் தைத்துவிடாதீர்கள். எனக்கும் ஆசைதான், ஆனால் பெயரைத் தைத்த அன்றைக்கு அது ஒருவருடைய தோரணமாகிவிடும், வயதைத் தைத்தால் ஒரு நாளுடைய தோரணம். தம்பிக்கு வேறு, அப்பாவுக்கு வேறு என்று எத்தனை தைப்பீர்கள்? பெயர் கட்டாயம் வேண்டும் என்றால், தனியாக ஒரு சின்னச் சரத்தில் தைத்து அந்தந்த வருடம் கீழே கட்டிக்கொள்ளுங்கள். இரண்டு சொல்லையும்கூட இரண்டு சரமாகத் தைப்பதுதான் என் வழக்கம். ஒன்றின் கீழ் ஒன்றாகக் கட்டினால் சின்ன சுவரிலும் அடங்கும். ‘வாழ்த்துகள்’ சரம் தனியாக இருந்தால் பத்தாம் வகுப்பு ரிசல்ட் அன்றைக்கும் கட்டலாம், வளைகாப்புக்கும் கட்டலாம்.

‘வாழ்த்துகள்’ சரியா, ‘வாழ்த்துக்கள்’ சரியா? தைத்தபின் யாராவது தப்பு என்று சொன்னால் பிரிக்க முடியாதே.
— வாசகர், விழுப்புரம்

இரண்டும் புழக்கத்தில் இருக்கிறது, ஆனால் ‘கள்’ என்பது பன்மை விகுதி, அதற்கு முன் க் வர வேண்டியதில்லை என்றுதான் பெரும்பாலான தமிழாசிரியர்கள் சொல்வார்கள். நானும் க் இல்லாமல்தான் தைத்தேன். ஒரு கொடியும் மிச்சம்.

வணக்கம் மேடம். துணி பேனர் என்றே கடையில் ரெடிமேடாகக் கிடைக்கிறது, விலையும் குறைவு. அதையே வருடா வருடம் வைத்துக்கொள்ளலாமே? மெனக்கெட்டு ஏன் தைக்க வேண்டும்?
— ஒரு அப்பா, ஓசூர்

நியாயமான கேள்வி சார். நல்ல துணியாக இருந்தால் தாராளமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பெயரில் விற்பதில் பலவும் துணியே இல்லை. கையில் எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். துணி என்றால் குறுக்கும் நெடுக்குமாக இழை ஓடுவது தெரியும், ஓரத்தில் ஒரு இழையை இழுத்தால் உருவிக்கொண்டு வரும். அது இல்லாமல் சின்னச் சின்னப் புள்ளி அழுத்தின மாதிரி, பேப்பர் போல் இருந்தால் அது நான்-ஓவன், பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். நெய்தது இல்லை, சூட்டில் ஒட்டினது. இஸ்திரிப் பெட்டி வைத்தால் சுருங்கி அடியில் ஒட்டிக்கொள்ளும், இரண்டாம் வருடம் மடித்த இடத்தில் கிழியும்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த 14 பிளாஸ்டிக் பொருள்களில் நான்-ஓவன் பையும் பிளாஸ்டிக் கொடியும் உண்டு. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்க வந்த தடையில் பலூன் குச்சி, அலங்காரத்துக்கான தெர்மாகோல், 100 மைக்ரானுக்குக் குறைந்த பிவிசி பேனர் எல்லாம் சேர்ந்தன. நம் வீட்டுப் பிறந்தநாள் மறுநாள் காலையில் குப்பைத் தொட்டியில் என்னவெல்லாம் கிடக்கும் என்று யோசித்துப் பாருங்கள், பாதிக்கு மேல் இந்தப் பட்டியலில் இருக்கும். எனக்கு அந்தக் காலை நேரம்தான் மனசைப் பிசையும். நேற்று பாட்டுப் பாடிக்கொண்டே கட்டியதை இன்று கிழித்து இழுத்து, டேப்போடு சுவர்ப் பெயின்ட்டும் பெயர்ந்து வர, காலால் மிதித்துப் பைக்குள் அடைப்போம். துணித் தோரணத்தை அவிழ்த்துச் சுருட்டி வைக்க ஐந்து நிமிடம் ஆகும், குழந்தையும் கூட வந்து உதவி செய்யும்.

தைக்க நேரமில்லை என்றால் தெருவில் தைக்கிற டெய்லர் அக்காவிடம் அளவு எழுதிக் கொடுங்கள். ஒரு நாள் வேலை.

எழுத்தை வரைந்து வெட்டி ஒட்டினேன் அக்கா, எல்லாம் கண்ணாடியில் பார்ப்பது போல் திரும்பிவிட்டது! துணியும் ஓரத்தில் பிசிறு பிசிறாக வருகிறது. என்ன செய்ய?
— வாசகி, திருநெல்வேலி

இரண்டு பக்கமும் ஒட்டும் பேஸ்டிங் பேப்பர் வாங்கியிருப்பீர்கள். அதில் எழுத்தை நேராக வரைந்து துணியின் பின்பக்கம் ஒட்டி வெட்டினால், திருப்பிப் போடும்போது எழுத்தும் திரும்பிவிடும். அதனால் வரையும்போதே தலைகீழாக, அதாவது இடவலம் மாற்றி வரைய வேண்டும். ஆங்கிலத்தில் எச், ஏ, ஒய் எல்லாம் திருப்பினாலும் அதேதான், கண்டுபிடிக்கவே முடியாது. நம் 12 கொடியில் ஒன்றுகூட அப்படித் தப்பிக்காது, முதல் ‘பி’யிலேயே காட்டிக்கொடுத்துவிடும். ஜன்னல் கண்ணாடியில் எழுத்துத் தாளைத் திருப்பி ஒட்டி, வெளிச்சத்தில் அதன் மேல் பேப்பரை வைத்து வரைந்தால் குழப்பமே இல்லை. வெட்டின எழுத்தைத் தூக்கிப் போடாதீர்கள், பின்பக்கமும் முன்பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற துணி என்றால் ஒட்டியதை மெதுவாக உரித்துத் திருப்பி வைத்துத் தைத்துவிடலாம்.

பேஸ்டிங் பேப்பர் இல்லாமலே செய்யவும் வழி இருக்கிறது, நான் செய்வது அதுதான். சாதம் வடித்த கஞ்சி. சின்ன வெங்காயம் உரித்துப் போட்டதோ உப்புப் போட்டதோ வேண்டாம், வெறும் கஞ்சி, கெட்டியாக. எழுத்துத் துணியை அதில் முக்கி, பிழியாமல் வழித்துவிட்டு, ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தைக் கவிழ்த்து அதன் முதுகில் சுருக்கமில்லாமல் ஒட்டி வெயிலில் வைத்துவிடுங்கள். காய்ந்ததும் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் அட்டை மாதிரி பளபளவென்று உரிந்து வரும். அதில் பென்சிலால் வரைந்து வெட்டினால் ஒரு இழை பிரியாது, ‘ழ’வின் உள்வளைவுகூடக் கத்தரி சொன்ன இடத்தில் நிற்கும். கொடியின் மேல் வைத்து நாலு இடத்தில் கஞ்சியையே விரலால் தொட்டு ஒட்டிவிட்டுத் தைக்கலாம், குண்டூசிகூட வேண்டாம். தைத்து முடித்தபின் ஒருமுறை தண்ணீரில் அலசிக் கஞ்சியை முழுக்க எடுத்துவிட வேண்டும். மறந்துவிட்டால் பெட்டியில் இருக்கும்போது ராமபாணப் பூச்சி வந்து கஞ்சியோடு துணியையும் தின்றுவிடும்.

எழுத்தின் அளவைப் பற்றி இன்னும் சிலர் கேட்டிருந்தீர்கள். கம்ப்யூட்டரில் அடித்து பிரிண்ட் எடுப்பவர்கள் முதலில் ‘நா’வை மட்டும் எடுத்து, அது நாலரை இஞ்ச் அகலத்துக்குள் வரும் அளவைக் கண்டுபிடியுங்கள். அதே அளவில் மற்ற எல்லாவற்றையும் எடுங்கள். ஒவ்வொரு எழுத்தையும் கொடிக்குத் தக்கபடி தனித்தனியாகப் பெரிதாக்கினால் ‘க’ குண்டாகவும் ‘நா’ ஒல்லியாகவும் நின்று கண்ணை உறுத்தும். ‘நா’வின் காலைத் தனிக் கொடியில் போடலாமா என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம், காற்றில் கொடி ஆடும்போது அது காலாகத் தெரியாது. தடித்த எழுத்துருவாக எடுங்கள், கோடு முக்கால் இஞ்ச் அகலமாவது இருந்தால்தான் தைக்க முடியும்.

எங்களிடம் இருப்பது மாமியார் காலத்துக் கறுப்பு மெஷின், நேர்த்தையல் மட்டும்தான் போடும். ஜிக்ஜாக் இல்லாமல் எழுத்தைத் தைக்க முடியுமா?
— வாசகி, கும்பகோணம்

உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு ஒரு சந்தோஷம். தேரோட்டத்தன்று தேரைச் சுற்றி உருளையாகத் தொங்கும் தொம்பையைப் பக்கத்தில் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளைத் துணிகளில் யாளியும் அன்னமும் பூவும் வெட்டி, இன்னொரு துணியின் மேல் வைத்துத் தைத்திருப்பார்கள். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் காலம் காலமாக நடக்கும் வேலை இது. நாம் ‘பி’யை வெட்டி வைத்துத் தைப்பதும் அதே கைவேலைதான். தேர் வெயிலிலும் காற்றிலும் போகிறது, அதைத் தாங்குகிற தையல் நம் ஹாலில் ஒரு நாள் தொங்குவதைத் தாங்காதா.

எழுத்தின் ஓரத்திலிருந்து ஒரு நூல் அளவு, அதாவது அரைக்கால் இஞ்ச், உள்ளே தள்ளி நேர்த்தையல் போடுங்கள், சுற்றி வந்ததும் அதற்குள் இன்னும் ஒரு சுற்று. வளைவு வரும்போது ஊசி துணிக்குள் இறங்கி நிற்கும்படி சக்கரத்தைக் கையால் சுற்றி நிறுத்தி, துணியை அழுத்தும் மெஷின் பாதத்தைத் தூக்கித் துணியைக் கொஞ்சம் திருப்பி, மறுபடி இறக்கி இரண்டு தையல், மறுபடி தூக்கித் திருப்பி… ‘ற’வின் வளைவுக்குப் பத்துத் தடவையாவது நின்று போக வேண்டியிருக்கும். அவசரப்பட்டு ஓட்டினால் மூலை மூலையாக வரும். வெளியே நிற்கும் அந்த ஒரு நூல் ஓரம் துவைக்கத் துவைக்கக் கொஞ்சம் பூத்து நிற்கும், எனக்கு அது பிடிக்கும். பிடிக்காதவர்கள் ஓரத்தைச் சுற்றி நூலை வளைத்துப் போடும் பிளாங்கெட் தையலைக் கையால் போட்டு மூடிவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. எழுத்தை முன் துண்டில் தைத்து முடித்தபின்தான் பின் துண்டைச் சேர்க்க வேண்டும். வைக்கும்போது மேலே ஒரு இஞ்ச் பட்டிக்குள் போகும், கீழே அரை இஞ்ச் தையலுக்குப் போகும் என்று கோடு போட்டுவிட்டு, மிச்ச இடத்தின் நடுவில் வையுங்கள். அப்புறம் நல்ல பக்கம் இரண்டும் உள்ளே பார்க்க வைத்து இடது, கீழ், வலது மூன்று பக்கமும் அடித்து, கீழ் மூலை இரண்டையும் தையலை வெட்டாமல் சாய்வாக நறுக்கிவிட்டு, மேல்வழியாகத் திருப்புங்கள். மூலையைத் தள்ள கத்தரி நுனி வேண்டாம், ஓட்டை விழும். ஐஸ் குச்சி நல்லது.

போன வருடம் தைத்தேன். கடையில் வாங்கிய கிராஸ் பட்டியில் கொடிகளைக் கோத்துக் கட்டினால் நடுவில் தொய்ந்து தொட்டில் மாதிரி தொங்குகிறது. நாடா மாற்ற வேண்டுமா?
— வாசகி, சேலம்

மாற்றத்தான் வேண்டும். கிராஸ் பட்டி என்பது துணியை மூலைவாட்டில் சாய்வாக வெட்டியது, கழுத்து வளைவுக்கு இழுத்து மடிப்பதற்காக. இழுபடுவதுதான் அதன் குணம். 12 கொடியின் கனத்தில் அது நீண்டுகொண்டே போகும். பாவாடை நாடா நீளாது, ஆனால் கொடியின் தலையை உள்ளே வைத்து மடிக்க அகலம் போதாது.

இதற்கு நான் கண்ட சரியான பொருள் பழைய எட்டு முழ வேட்டியின் கரை. கணக்குப் பாருங்கள். ஐந்தரை இஞ்ச் கொடி 12, அது 66 இஞ்ச். ஒரே சரமாகத் தைத்தால் கொடிக்குக் கொடி ஒரு இஞ்ச் இடைவெளி, சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் ஆறு இஞ்ச், ஆக 82. இரண்டு முனையிலும் கட்டுவதற்கு இரண்டிரண்டு அடி விட்டால் 130 இஞ்ச். எட்டு முழம் என்பது 144 இஞ்ச். நடுவில் ஒட்டுப் போடாமல் ஒரே கோடாக வருகிறது! வேட்டியின் பாவு இழை நீளவாக்கில் ஓடுவதால் இழுத்தாலும் நீளாது, கரையின் ஓரம் நெய்யும்போதே முடிந்த ஓரம் என்பதால் பிசிறும் வராது. ஒரு வேட்டிக்கு இரண்டு கரை, அதனால் இரண்டு தோரணம்.

கரை ஓரத்திலிருந்து மூன்று இஞ்ச் அளந்து நீளமாக வெட்டுங்கள். வெட்டின பக்கத்தை அரை இஞ்ச் உள்ளே மடித்து இஸ்திரி போட்டு, பிறகு நீளவாக்கில் சரிபாதியாக மடித்து இன்னொரு முறை இஸ்திரி. இப்போது முன்பக்கம் கரை தெரியும், பின்பக்கம் வெள்ளை. கொடிகளின் திறந்த மேல்பக்கத்தை இந்த மடிப்புக்குள் ஒரு இஞ்ச் நுழைத்து, கரையின் கீழ் ஓரத்தில் ஒரே ஓட்டமாக அடித்துக்கொண்டு போனால் முடிந்தது. ஐந்து மடிப்புத் துணி சேருகிற இடம், 16ஆம் நம்பர் ஊசி போட்டு, தையல் நீளத்தைக் கூட்டி மெதுவாக ஓட்டுங்கள். ஒவ்வொரு கொடியின் இரு முனையிலும் முன்னும் பின்னும் இரண்டு தடவை கெட்டித் தையல். பச்சைக் கரையோ அரக்குக் கரையோ மேலே ஓடி, கீழே எழுத்து தொங்கும்போது அந்த அழகை வேறு எதிலும் நான் பார்த்ததில்லை.

என் வயது 68 அம்மா. மெஷின் மிதிக்க முட்டி ஒத்துழைக்காது. என் கணவர் இரண்டு வருடத்துக்கு முன் தவறிவிட்டார். அவருடைய வேட்டியும் சட்டையும் பெட்டியில் இருக்கிறது. பேரனுக்குத் தோரணம் தைக்கலாம் என்று எடுத்தேன், வெட்டக் கை வரவில்லை. தப்பாகப் படுமோ என்றும் தோன்றுகிறது.
— ஒரு பாட்டி, காரைக்குடி

அம்மா, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒரு தப்பும் இல்லை. நம் வீடுகளில் பிறந்த குழந்தையைப் பழைய வேட்டியில்தானே ஏந்துகிறோம், தாத்தாவின் வேட்டியில்தானே தூளி கட்டுகிறோம். அந்த வேட்டி பேரன் தலைக்கு மேல் வருடத்துக்கு ஒருமுறை வந்து நிற்பதில் என்ன குறை.

கை வரவில்லை என்றால் இப்போது வெட்ட வேண்டாம். எல்லாவற்றையும் எடுக்கவும் வேண்டாம். அவர் அடிக்கடி உடுத்தியது எதுவோ அதை முழுசாக வைத்துக்கொள்ளுங்கள், எங்கேயாவது கிழிந்தோ கறை பட்டோ இருக்கும் ஒன்றை மட்டும் எடுங்கள். வேட்டியிலிருந்து கரை, சட்டையின் முதுகுப் பக்கத்திலிருந்து எழுத்துத் துணி. சட்டைப் பையைப் பிரிக்காமல் அப்படியே வெட்டி ஒரு கொடியில் வைத்துத் தைக்கலாம், பிறந்தநாளன்று அதில் ஒரு மிட்டாயோ பத்து ரூபாய் நோட்டோ வைத்தால் பேரன் முதலில் அங்கேதான் கை விடுவான். பட்டன்களைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். ந், ள், ழ், த், ள் என்று ஐந்து புள்ளி இருக்கிறதே, ஐந்துக்கும் அவருடைய சட்டைப் பட்டன்.

மெஷின் இல்லாமல் கையாலேயே தைக்கலாம். எழுத்துக்கு ஓட்டுத்தையல் போதும், பட்டியில் சேர்க்கும் இடத்துக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் ஊசியைக் கொஞ்சம் பின்னால் கொண்டுவந்து குத்தும் பின் தையல் போடுங்கள், கனம் தாங்க வேண்டுமே. பழைய துணி மெத்தென்று இருப்பதால் ஊசி சுலபமாக இறங்கும். பகல் வெளிச்சத்தில் ஒரு நாளைக்கு ஒரு கொடி என்று வைத்துக்கொண்டால் இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். நூல் கோக்க மட்டும் காலையில் யாரிடமாவது பத்து ஊசியில் கோத்து வாங்கி ஒரு தலையணையில் குத்தி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பிறந்தநாளுக்குத் தைக்கிறேன். புள்ளிக்குப் பட்டன் வைத்தால் அழகாக இருக்குமே, குழந்தை இருக்கும் வீட்டில் சரியா?
— வாசகி, புதுச்சேரி

மூன்று வயதுக்குள் குழந்தை இருந்தால் பட்டன் வேண்டாம், பிடுங்கி வாயில் போட்டுக்கொள்ளும். துணியை வட்டமாக வெட்டித் தைத்துவிடுங்கள், அல்லது கெட்டி நூலில் புள்ளி முழுக்கத் தையலால் நிரப்புங்கள். மேலே காரைக்குடி அம்மாவின் பேரனும் கைக்குழந்தை என்றால் இதே கதைதான், பட்டனை அவன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபின் தைக்கலாம். தோரணத்தைத் தொட்டிலுக்கு மேலேயோ குழந்தை படுக்கும் கட்டில் ஓரத்திலோ கட்டாதீர்கள், நீளமான நாடா கழுத்தில் சுற்றிக்கொள்ளும். குத்துவிளக்குக்கும் கேக் மெழுகுவத்திக்கும் மேலேயும் வேண்டாம், அது பெரியவர்கள் வீட்டுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். துணி தீப்பிடிக்கும்.

வெள்ளைக் கொடியில் சிவப்பு எழுத்து வைக்கப் போகிறேன். துவைத்தால் சாயம் இறங்குமா? கேக் கறை, மஞ்சள் கறை எப்படிப் போக்குவது?
— வாசகி, கோவை

இது நான் பட்டது. கடைக்காரர் சாயம் போகவே போகாது என்று சொன்ன அரக்குத் துணியை, துவைக்காமல் அப்படியே வெள்ளையில் தைத்தேன். விழாவுக்கு முதல் நாள் சாயங்காலம் கஞ்சியை எடுக்கலாம் என்று தண்ணீரில் போட்டேன். எடுக்கும்போது ‘ற’வைச் சுற்றி ரோஜா நிறத்தில் பரவிக்கொண்டிருந்தது. அன்றைக்கு இரவு உட்கார்ந்து ஆறு கொடியைப் பிரித்து, வேறு துணி வெட்டி, விடிய விடியத் தைத்தேன்.

அதனால் வெட்டுவதற்கு முன்பே எல்லாத் துணியையும் தனித்தனியாக நனைத்துக் காயப்போடுங்கள். சுருங்குவதும் அப்போதே சுருங்கிவிடும். சாயம் பார்க்க ஒரு வெள்ளைத் துணியை ஈரமாக்கி அழுத்தித் தேய்த்தால் போதும், ஒட்டினால் தெரிந்துவிடும். தண்ணீர் தெளியும்வரை திரும்பத் திரும்ப அலசுங்கள். உப்பில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று சொல்வதை மட்டும் நம்பி வெள்ளையில் வைத்துத் தைக்காதீர்கள். நாலைந்து அலசலுக்கும் இறங்கிக்கொண்டே இருந்தால் அந்தத் துணியை இதற்கு வைக்கவே கூடாது. ஏற்கெனவே பல வருடம் துவைத்த பழைய சுங்குடிச் சேலை மாதிரியானவை என்றால் இந்தப் பயமெல்லாம் இருக்காது.

கேக் கிரீமை முதலில் கரண்டியால் வழித்துவிட்டு, பச்சைத் தண்ணீரில் அலசி, அப்புறம் சோப்பு. சுடுதண்ணீரை முதலில் ஊற்றாதீர்கள். மஞ்சள் கறை சோப்புப் பட்டதும் சிவப்பாக மாறும், பயப்பட வேண்டாம், அலசி நல்ல வெயிலில் இரண்டு நாள் காயப்போட்டால் வெளுத்துவிடும்.

வருடத்துக்கு இரண்டு மூன்று நாள்தான் வெளியே எடுப்போம். மீதி நாள் எப்படி வைப்பது?
— வாசகி, திருச்சி

ஈரமில்லாமல் காய்ந்ததும் இஸ்திரி போட்டு, மடிக்காமல் சுருட்டி வையுங்கள். மடித்தால் எழுத்தின் குறுக்கே மடிப்பு விழும். ஒரு பழைய தலையணை உறையில் போட்டு, காய்ந்த வேப்பிலையோ ஒரு துண்டு வசம்போ துணியில் முடிந்து உள்ளே வைத்தால் பூச்சி அண்டாது. பிளாஸ்டிக் கவர் வேண்டாம், மழைக்காலத்தில் உள்ளே வேர்த்துக் கறுப்புப் புள்ளி விழும்.

கடைசி ‘ள்’ளிலிருந்து சுருட்டத் தொடங்குங்கள், ‘பி’ வெளியே இருக்கும்படி. அடுத்த வருடம் ‘பி’ பக்கத்து முனையை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு, சுருளைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே நடக்கலாம். ‘ள்’ வெளியே வரும்போது எதிர்ப்பக்கத்து ஆணிக்கு வந்து நின்றிருப்பீர்கள்.